கார் ஷெட் விளக்குகளுக்கு எத்தனை ஸ்விட்ச்?

எங்கள் வீட்டில் வெளி விளக்குகள் நான்கு. கேட் தூண் மேல் ஒன்று, போர்டிகோவில் ஒன்று, கார் ஷெட்டின் நெற்றியில் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்று, ஷெட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பின்பக்கம் போகிற சந்தில் ஒன்று. நான்குக்கும் சேர்த்து ஹாலில் ஒரே ஸ்விட்ச். வீடு கட்டும்போது, "வெளி லைட்டுதானே சார், எல்லாத்தையும் ஒரே லூப்ல போட்டுரலாம், ஒயர் மிச்சம்" என்றார் ஒயர்மேன். சரி என்று தலையாட்டியது நான்தான். ஆகவே யாரையும் குறை சொல்ல வழியில்லை.

ஐந்து வருடம் இப்படியே ஓடியது. கேட்டைப் பூட்டக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால் ஃப்ளட் லைட்டும் சேர்ந்து எரியும். அது நேராக எதிர்வீட்டு மாடி ஜன்னலில் போய் விழும். அவர்கள் முதலில் ஜாடையாகச் சொன்னார்கள், அப்புறம் நேராகவே சொன்னார்கள். அதனால் பத்து மணியானால் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது வழக்கமாயிற்று. அணைத்தால் சந்து கும்மிருட்டு. போன ஐப்பசியில் யாரோ அந்தச் சந்து வழியாக வந்து, ஷெட்டில் நின்ற பையனின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எத்தனை மணிக்கு என்று தெரியாது. 50 வாட் காவல் விளக்கு அப்போது அணைந்திருந்தது என்பது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். தனித்தனி ஸ்விட்சா, டூ-வேயா, அசைவு சென்சாரா, டைமரா? எங்களுடையது திருச்சிப் பக்கம் ஒரு தனி வீடு. த்ரீ ஃபேஸ் சர்வீஸ், ஒரு இன்வர்ட்டர், சுவரைச் சுற்றி ஒயர் ஓடினால் ஷெட் வரை ஏறக்குறைய 30 மீட்டர். உங்கள் வீடு இதைவிடச் சின்னதாக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

எந்த விளக்கு யாருக்காக எரிகிறது

ஸ்விட்ச் எண்ணிக்கையை அப்புறம் பார்ப்போம் என்று முதலில் விளக்குகளின் வேலையைப் பார்த்தேன். கேட் விளக்கு 9 வாட், வருகிறவர்களுக்காக எரிவது. விடிய விடிய எரிந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லை. 15 வாட் போர்டிகோ விளக்கு எங்களுக்காக: செருப்பு தேட, விடிகாலையில் கோலம் போட, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் நிற்கிற விருந்தாளியோடு பேச. ஃப்ளட் லைட் காரை எடுக்கும்போதும், ஏதாவது சத்தம் கேட்கும்போதும் மட்டும் வேண்டும். சந்தில் இருக்கிற 20 வாட் விளக்குதான் அசல் காவல் விளக்கு. அது திருடனுக்காக எரிகிறது. இந்த நான்கையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் கோளாறு.

மின்சாரச் செலவையும் பார்த்துவிடுவோம். நான்கும் சேர்ந்து 94 வாட். இரவு 12 மணி நேரம், இரண்டு மாதம் என்றால் ஏறக்குறைய 68 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கை வாசல் விளக்குகளே தின்றுவிடும். இதில் 36 யூனிட் ஃப்ளட் லைட்டுடையது. அதைத் தினம் கால் மணி நேரம் மட்டும் எரித்தால் ஒரு யூனிட்கூட வராது. ஆனாலும் பணம் மிச்சமாகும் என்பதற்காக இந்த வேலையில் இறங்காதீர்கள். சுவரை வெட்டுகிற கூலியை அந்த 36 யூனிட் திருப்பித் தர வருடக்கணக்காகும்.

தனித்தனி ஸ்விட்ச்

நேரடியான வழி இது. ஹாலில் ஒரு ஸ்விட்ச் இருந்த இடத்தில் நான்கு. போர்டைப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை மாதிரித் தெரியும். ஆனால் வேலை போர்டில் இல்லை, பைப்புக்குள் இருக்கிறது.

லூப் ஒயரிங்கில் ஸ்விட்சிலிருந்து ஒரே ஃபேஸ் ஒயர், அதாவது கரண்ட் வருகிற ஒயர், வெளியே போய், முதல் விளக்கைத் தொட்டு, அங்கிருந்து இரண்டாவதற்குத் தாவி, இப்படியே கடைசிவரை போகிறது. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரும் அப்படியே. தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் ஸ்விட்சிலிருந்து தனி ஒயர் போக வேண்டும். நான்கும் ஒரே எம்.சி.பி.யில் (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுகிற ஸ்விட்ச்) இருந்தால் நியூட்ரல் ஒன்று போதும், எர்த்தும் ஒன்று போதும். ஆக மூன்று ஒயர் இருந்த பைப்பில் ஆறு ஒயர். 25 எம்.எம். பைப்பில் ஆறு 1.5 சதுர எம்.எம். ஒயர் தாராளமாகப் போகும். எங்கள் வீட்டில் இருந்தது முக்கால் இஞ்சு பைப், வழியில் மூன்று பெண்டு, அதாவது வளைவு. பழைய ஒயரின் வாலில் புது ஒயர்களை முடிந்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் மறுமுனையில் தள்ள, இரண்டாவது பெண்டில் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் ஷெட் பக்கத்துக்கு வெளிச்சுவர் மேலே புது பைப் போட்டோம்.

ஒயர் கனம் பற்றி நிறையப் பேர் வீணாகக் குழம்புகிறார்கள். விளக்குக்கு 1.5 சதுர எம்.எம். செம்பு ஒயரே அதிகம்தான். 30 மீட்டர் போய்த் திரும்பி வந்தாலும், 50 வாட் விளக்குக்கு அதில் விழுகிற வோல்டேஜ் கால் வோல்ட்கூட இல்லை. ஆனால் ஒரு விஷயம்: நாளைக்கு ஷெட்டில் எலக்ட்ரிக் கார் சார்ஜ் போடுகிற எண்ணம் இருந்தால், அதற்கு இப்போதே தனியாக 4 சதுர எம்.எம். ஒயர் இழுத்து வையுங்கள். சின்ன சார்ஜர்கூட 15 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். விளக்கு ஒயரில் அதைச் சொருகினால் அப்புறம் ஷெட்டுக்கு விளக்கே தேவைப்படாது.

தனி ஸ்விட்ச் போட்ட முதல் இரவே ஒரு வேடிக்கை. ஃப்ளட் லைட்டைப் போட்டால், அணைத்து வைத்த சந்து விளக்கு மின்மினி மாதிரி மங்கலாக மினுக்கியது. ஸ்விட்ச் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோனேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் சிரித்தார். ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் நீளமாக ஓடுகிற ஒயர்களில், கரண்ட் உள்ள ஒயர் அணைந்த ஒயரிலும் துளி கரண்டைத் தூண்டிவிடும். குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்.இ.டி. கண்டுகொள்ளும். சந்து விளக்கை வேறு தயாரிப்பாக மாற்றியதும் நின்றுவிட்டது. ஸ்விட்சில் குட்டி இண்டிகேட்டர் இருந்தாலும் இதே கூத்து நடக்கும்.

தனி ஸ்விட்சின் வசதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சண்டை அன்றோடு தீர்ந்தது. ஆனால் அது ஆள் இருந்தால்தான் வேலை செய்யும். பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனால் என்ன செய்வது? அணைத்துவிட்டுப் போனால் நான்கு ராத்திரி இருட்டு. எரியவிட்டுப் போனால் பகலிலும் எரியும். பட்டப்பகலில் எரிகிற வாசல் விளக்கும், 'வீட்டில் ஆள் இல்லை' என்று எழுதி மாட்டிய போர்டும் ஒன்றுதான்.

இன்னொரு சின்ன விஷயம். ஒரே மாதிரி நான்கு ஸ்விட்ச் வரிசையாக இருந்தால் எது எதற்கு என்று யாருக்கும் நினைவிருக்காது. அம்மா நான்கையும் தட்டிப் பார்த்துத்தான் தேவையானதைக் கண்டுபிடிப்பார். ஃப்ளட் லைட் ஸ்விட்சில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ் வைத்ததும் பிரச்சினை முடிந்தது.

டூ-வே: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மாடிப்படி விளக்கு மாதிரி கீழே போட்டு மேலே அணைக்கிற ஏற்பாடு. ஷெட்டிலும் வீட்டிலும் ஒவ்வொரு ஸ்விட்ச். காரை நிறுத்திவிட்டு அங்கேயே அணைக்கலாம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஷெட் மூன்று பக்கம் திறந்தது. நான் அணைக்க வசதியாக இருக்கிற ஸ்விட்ச், சுவரேறிக் குதித்து வருகிறவனுக்கும் அதே வசதியைத் தரும். பூட்டுகிற கதவு உள்ள ஷெட்டாக இருந்தால் உள்ளே வைக்கலாம். திறந்த ஷெட்டில் வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

டூ-வே உண்மையில் பயன்படுகிற இடம் வேறு: படுக்கையறை. ராத்திரி சத்தம் கேட்டால் இருட்டில் தடவிக்கொண்டு ஹாலுக்குப் போவதைவிட, கட்டிலில் இருந்தபடியே ஃப்ளட் லைட்டைப் போடுவது எவ்வளவோ மேல். வெளியே நிற்கிறவனுக்கு, உள்ளே ஆள் விழித்துவிட்டான் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஹால் போர்டுக்கும் படுக்கையறைக்கும் நடுவே கூடுதலாக மூன்று ஒயர். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கம் என்பதால் சுலபமாக முடிந்தது.

இதில் ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய வீடுகளில் பார்க்கலாம். ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்விட்சுக்குமே ஃபேஸையும் நியூட்ரலையும் கொடுத்துவிடுவார்கள். விளக்கு ஒழுங்காக எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும்போதும் சில நேரம் ஹோல்டரின் இரண்டு முனையிலும் ஃபேஸ் நிற்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறிக் கை வைக்கிறவர் கதி என்ன? இரண்டு ஸ்விட்ச் நிலையிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுமனே எரிகிறதா என்று பார்த்தால் போதாது.

அசைவு சென்சார்

கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் கொடுக்கிற மருந்து இதுதான். ஆள் வந்தால் எரியும், போனால் அணையும். பி.ஐ.ஆர். என்கிற இந்த சென்சார் பார்ப்பது அசைவையே அல்ல, வெப்பத்தை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடம்பு ஒன்று அதன் பார்வைக் கட்டங்களுக்கு நடுவே நகரும்போது ஏற்படுகிற வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எங்கே மாட்டுவது என்பதும் புரிந்துவிடும்.

முதலாவது, சென்சாருக்கு நேராக நடந்து வருகிறவனைவிட அதற்குக் குறுக்கே போகிறவன்தான் சீக்கிரம் மாட்டுவான். எங்கள் சந்தின் கோடியில், வாசலைப் பார்த்து மாட்டியபோது நான் கிட்டத்தட்ட சென்சாருக்கு அடியில் வந்து நின்ற பிறகுதான் விளக்கு எரிந்தது. பக்கச் சுவருக்கு மாற்றி, ஆள் குறுக்கே கடக்கும்படி வைத்ததும் சந்துக்குள் இரண்டு எட்டு வைத்தாலே எரிகிறது. இரண்டாவது, நம் ஊர் சித்திரை. ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவர் அனலாகக் கொதிக்கும்போது உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும். மார்கழியில் எட்டு மீட்டரில் பிடித்த அதே சென்சார் சித்திரையில் நான்கு மீட்டருக்கு வந்துவிட்டது. அளவு நாடாவை வைத்து நானே நடந்து பார்த்தது. மூன்றாவது, ஏ.சி.யின் வெளி யூனிட்டையும், வெயிலில் காய்ந்த தகரத்தையும், காற்றில் ஆடுகிற வாழை இலையையும் பார்க்கும்படி வைத்தால் அது ராத்திரி முழுக்க கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

சென்சாருக்கு அடியில் மூன்று திருகு இருக்கும். ஒன்று எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு, ஒன்று எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பதற்கு, ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு. நேரத் திருகைப் பத்து விநாடியில் விட்டுவிடுவார்கள்; சோதிப்பதற்கு அது சரி. அப்புறம் மூன்று நிமிடத்துக்காவது ஏற்றிவிடுங்கள். பத்து விநாடியில் பைக்கை ஸ்டாண்டு போடக்கூட முடியாது.

பெட்டியில் 1200 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது குண்டு பல்புக் கணக்கு. எல்.இ.டி.க்கு அதைவிட மிகக் குறைந்த அளவு பொடி எழுத்தில் இருக்கும். எல்.இ.டி. எரியத் தொடங்குகிற கணத்தில் ஒரு துளி நேரம் பெரிய கரண்டை இழுக்கும். அதில் உள்ளே இருக்கிற ரிலே என்கிற குட்டி ஸ்விட்சின் முனைகள் ஒட்டிக்கொண்டால் விளக்கு பிறகு அணையவே அணையாது. எங்கள் முதல் சென்சார் நான்கு மாதத்தில் அப்படித்தான் போனது. ஒரே சென்சாரில் மூன்று விளக்கைத் தொங்கவிட்டது எங்கள் பேராசை.

சென்சாரின் பெரிய பலம் ஒன்று உண்டு: லூப் ஒயரிங்கைப் பிரிக்க முடியாத வீட்டுக்கு இதுதான் தப்பிக்கும் வழி. வாடகை வீடு, டைல்ஸ் ஒட்டிய சுவர், பைப்பில் இடமே இல்லை என்றால் சுவரைத் தொட வேண்டாம். ஹால் ஸ்விட்சை ராத்திரி முழுக்க ஆனில் விட்டுவிட்டு, ஷெட் விளக்குக்கும் சந்து விளக்குக்கும் அந்தந்த இடத்திலேயே ஒவ்வொரு சென்சார் மாட்டிவிடலாம். ஃபேஸும் நியூட்ரலும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. புது ஒயர் ஒரு மீட்டர்கூட வேண்டாம். போர்டில் பிரிக்க முடியாததை விளக்கடியில் பிரிப்பது. கேட் விளக்கும் போர்டிகோ விளக்கும் மட்டும் சேர்ந்தே எரியும், பொறுத்துக்கொள்ளலாம்.

சென்சாருக்கு மேலே ஒரு கை

சென்சார் மட்டும் போட்டால் ஒரு சங்கடம் வரும். ஷெட்டில் டயர் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். குனிந்து அசையாமல் இருந்தால் விளக்கு அணைந்துவிடும். எழுந்து கையை ஆட்ட வேண்டும். அதனால் சென்சார் போட்டாலும் கூடவே கை ஸ்விட்ச் வேண்டும். இதற்கு இரண்டு ஸ்விட்ச் போதும். ஒன்று சென்சாருக்குப் போகிற ஃபேஸில்; அதை அணைத்தால் சென்சார் தூங்கிவிடும். இன்னொன்று சென்சாரைச் சுற்றிக்கொண்டு நேராக விளக்குக்கு; அதைப் போட்டால் சென்சார் என்ன நினைத்தாலும் விளக்கு எரியும்.

படத்தில் பார்க்க இது எளிது. ஆனால் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஸ்விட்சுக்கும் ஃபேஸ் ஒரே எம்.சி.பி.யிலிருந்து வர வேண்டும். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஹால் போர்டு ஒரு ஃபேஸில், ஷெட் வேறு ஃபேஸில் இருப்பது சகஜம். பக்கத்தில் கிடைக்கிறது என்று சென்சாருக்கு ஒரு ஃபேஸும் நேர் ஸ்விட்சுக்கு இன்னொரு ஃபேஸும் கொடுத்துவிட்டால், சென்சார் போட்ட நேரத்தில் நீங்களும் ஸ்விட்சைப் போட்டால் இரண்டு ஃபேஸும் நேருக்கு நேர் மோதும். நடுவே 230 இல்லை, 400 வோல்ட்டுக்கு மேல். இன்வர்ட்டர் லைனையும் இ.பி. லைனையும் இப்படிக் கலந்தால் இன்வர்ட்டரே போய்விடும்.

நியூட்ரலிலும் இதே ஒழுக்கம் வேண்டும். எங்கள் ஷெட்டில் மோட்டார் போர்டு இருக்கிறது. அங்கே நியூட்ரல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், ஃப்ளட் லைட்டுக்கு அதையே எடுத்துக்கொண்டோம். ஸ்விட்சைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. திரும்பத் திரும்ப அதே. மோட்டார் லைன், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. வழியாக வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரவில்லை என்றால், எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் ஆர்.சி.சி.பி. எடுத்துக்கொள்ளும். 50 வாட் விளக்கு எடுப்பது 200 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழுகிற கருவி எப்படி நிற்கும்? பைப்பில் வந்த சொந்த நியூட்ரலுக்கு மாற்றியதும் சரியானது.

மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பி வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்வர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் அணைந்தாலும் இன்வர்ட்டர் லைனில் 230 வோல்ட் உயிரோடுதான் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைக் கழற்ற வேண்டும். இந்த வேலையை நான் செய்யவில்லை. செய்யத் தெரிந்தவர் செய்தார், நான் டார்ச் பிடித்தேன்.

இருட்டு சென்சார், டைமர், மற்றவை

கேட் விளக்குக்கு எல்.டி.ஆர். என்று கேட்டாலே கடையில் தருகிற இருட்டு சென்சார் போதும். இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். விலை குறைவு, ஊருக்குப் போனாலும் கவலையில்லை. ஒரே நிபந்தனை, அது தன் விளக்கைத் தானே பார்க்கக் கூடாது. பார்த்தால் எரிந்ததும் விடிந்துவிட்டது என்று நினைத்து அணையும், அணைந்ததும் இருட்டிவிட்டது என்று மறுபடி எரியும். முதுகைக் காட்டி மாட்டுங்கள்.

டைமர் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் சூரியன் மறைகிற நேரம் கார்த்திகைக்கும் ஆடிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் மாறுகிறது; டைமரை யார் மாற்றிக்கொண்டிருப்பது? முள் சுற்றுகிற பழைய வகை டைமர், கரண்ட் போன நேரத்தைக் கணக்கில் சேர்க்காது. நாலு பவர் கட் ஆனால் விளக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் எரியும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரில் அந்தத் தொல்லை இல்லை. அப்போதும், இருட்டு சென்சார் செய்கிற வேலையை அதைவிட அதிக விலைக்கு வாங்குவானேன்?

ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்கவும். போர்டில் நியூட்ரல் இருக்கிறதா? பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் கண்டிப்பாக இருக்கும், வெறும் ஸ்விட்ச் போர்டில் இல்லாமல் போகலாம். ரௌட்டர் இன்வர்ட்டரில் இருக்கிறதா? இல்லையென்றால் கரண்ட் போன இருட்டில், அது மிகத் தேவைப்படுகிற நேரத்தில், போன் வழியாக ஒன்றும் செய்ய முடியாது. ஊரில் இருந்துகொண்டே வீட்டு விளக்கைப் போட்டு அணைக்கிற வசதி உண்மையிலேயே நல்ல வசதிதான். ஆனால் அம்மாவின் கையில் ஸ்மார்ட்போன் இல்லை.

சோலார் விளக்கு ஒயரே எட்டாத கொல்லைக் கோடிக்குச் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் தொடர்ந்து வெயில் இல்லாவிட்டால் அதுவும் தூங்கிவிடும். காவலுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்விட்சைவிட முக்கியமான ஒன்று

இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவே நான் பார்க்காமல் விட்டது ஒன்று இருந்தது. அதை அடைமழை காட்டிக்கொடுத்தது. ஒரு ராத்திரி ஃப்ளட் லைட்டின் பின்பக்க ஜாயிண்டில் தண்ணீர் இறங்கி, ஆர்.சி.சி.பி. விழுந்து, வீடு மொத்தமும் இருட்டு. தூக்கிவிட்டால் உடனே விழும். விடியும்வரை ஃபிரிட்ஜும் இல்லை, எதுவும் இல்லை. வாசலில் நனைகிற ஒரு விளக்குக்காக வீட்டுக்குள் ஏன் தண்டனை?

ஆகவே வெளி விளக்குகளுக்குத் தனி எம்.சி.பி.யும், கசிவைப் பார்க்கிற தனிக் கருவியும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே வருகிற ஆர்.சி.பி.ஓ. கிடைக்கிறது. மழையில் வெளியே கோளாறு என்றால் வெளி விளக்கு மட்டும் அணையும். உள்ளே தூக்கம் கெடாது. விளக்கு ஐ.பி. 65 (தூசியும் மழைத் தண்ணீரும் புகாது என்கிற தரக் குறி) என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அதிலிருந்து தொங்குகிற ஒயரை டேப் சுற்றி ஜாயிண்ட் போட்டால் அந்த 65 அங்கேயே செத்துப்போகும். மூடி போட்ட ஜங்ஷன் பாக்ஸுக்குள், ஒயர் கீழிருந்து நுழையும்படி ஜாயிண்ட் இருக்க வேண்டும். தகர ஷெட், அலுமினிய உடம்புள்ள ஃப்ளட் லைட் இரண்டுக்கும் எர்த் கட்டாயம். விளக்குக்கு எதற்கு எர்த் என்று கேட்டு அந்தப் பச்சை ஒயரை வெட்டி மடித்துவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் எதை எடுத்தோம்

ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி ஒயர் ஹால் போர்டுக்கு வந்துவிட்டது. என் கணக்கில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். தனி ஒயர் மட்டும் வந்துவிட்டால், எந்த விளக்குக்கு ஸ்விட்ச், எதற்கு சென்சார், எதற்குச் சென்சாரும் ஸ்விட்சும் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சென்சார் இரண்டு வருடத்தில் கெடும், ஸ்மார்ட் ஸ்விட்ச் கம்பெனி ஆப்பையே நிறுத்திவிடலாம். சுவருக்குள் போன செம்பு இருந்த இடத்தில் இருக்கும்.

கேட் விளக்குக்கு இருட்டு சென்சார். போர்டிகோவுக்கு வெறும் ஸ்விட்ச். ஃப்ளட் லைட்டுக்கு ஹாலிலும் கட்டில் பக்கத்திலும் டூ-வே. சென்சார் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 50 வாட் திடீர் திடீரென்று எரிந்தால் எதிர்வீட்டுச் சண்டை மறுபடி ஆரம்பிக்கும். சந்து விளக்குக்கு அசைவு சென்சார், கூடவே நேர் ஸ்விட்ச். கேட் விளக்கும் சந்து விளக்கும் இன்வர்ட்டர் லைனில், அவற்றுக்குரிய நியூட்ரலோடு. இரண்டும் சேர்ந்து 29 வாட்தான். பேட்டரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஃப்ளட் லைட்டும் போர்டிகோவும் இ.பி. லைனில். ஆக வெளி விளக்குக்கு இரண்டு எம்.சி.பி. ஆகிவிட்டது. நியூட்ரலும் இரண்டு. ஒன்றில் முடித்திருக்கலாம், கரண்ட் போனாலும் சந்து இருட்டாகக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததால் இப்படி.

ஃப்ளட் லைட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, ஷெட் தரையைப் பார்க்கும்படி திருப்பியும் வைத்தோம். எதிர்வீட்டு மாடி ஜன்னல் இப்போது ராத்திரியில் திறந்தே இருக்கிறது. சந்து விளக்கு மட்டும் தினம் விடிகாலை நாலு மணி வாக்கில் ஒரு தடவை எரிகிறது. முதல் வாரம் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பூனை.